மழைவெள்ளத்தில் ஓடைத் தண்ணீரின் வேதியியல் எப்படி மாறுகிறது?

மழை பெய்து ஓடை பெருகினால் அதில் கரைந்திருப்பதெல்லாம் நீர்த்துப் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதைச் செறிவு என்போம், வெள்ளத்தின்போது சிலவற்றின் செறிவு குறையும், சிலவற்றின் செறிவு கூடும்.

காரணம், தண்ணீர் வரும் வழி மாறுவதுதான். வெயில் காலத்தில் ஓடைக்கு வருவது ஆழத்திலிருந்து மெல்லக் கசியும் நிலத்தடி நீர், பாறையோடு நெடுநாள் கிடந்ததால் அதில் சோடியமும் சிலிக்காவும் (மணலில் இருக்கும் அதே பொருள்) அதிகம். மழையில் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி, மட்கிய இலைதழை நிறைந்த மேல்மண் வழியாகவும் தண்ணீர் ஓடும். அப்போது சோடியம் குறையும், இலைதழை மட்கி உண்டாகும் கரிமப் பொருளும் பெரும்பாலும் நைட்ரேட் என்ற நைட்ரஜன் உப்பும் கூடும் (காட்டோடை மழைக்குப் பிறகு தேநீர் நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சாயம் இந்தக் கரிமப் பொருள்தான்).

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டோடைகளை 1963 முதல் அளந்து வருகிறார்கள். அங்கே நீரோட்டம் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறி இறங்கினாலும் பல உப்புகளின் செறிவு ஓரிரு மடங்குக்கு மேல் மாறுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

இது ஏன் என்று புரிய, காபி ஃபில்டரை நினைத்துப் பாருங்கள். மேலே புதிதாக வெந்நீர் ஊற்றினதும் கீழே முதலில் சொட்டுவது ஏற்கெனவே தூளில் ஊறிக்கிடந்த டிகாக்ஷன், அப்புறம்தான் தண்ணியாக வரும். மண்ணும் அப்படித்தான்.

அதனால், ஓடையில் புரண்டு வருவது முழுக்க இப்போது பெய்த மழை என்று எண்ண வேண்டாம், காட்டுப் பகுதிகளில் அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் முன்பே இருந்த பழைய தண்ணீர்.