சேலத்தில் பி.காம் கடைசி வருஷம் படிக்கிறேன். சி.ஏ. படிப்புக்கான ஆர்டிகிள்ஷிப்பை (ஆடிட்டர் ஆபீஸில் எடுக்கும் கட்டாயப் பயிற்சி) இங்கேயே செய்தால் நல்ல ஆடிட்டர் ஆகமுடியுமா, சென்னை போயே ஆகணுமா?

சேலத்திலேயே தாராளமாகச் செய்யலாம். பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகளின் ஆடிட்தான் வேண்டும் என்றால் சென்னை போங்கள். மற்றபடி ஊரைவிட ஆபீஸ்தான் முக்கியம்.

அதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் முதல் கட்டப் பரீட்சையான ஃபவுண்டேஷன் வேண்டாம், நேரே அடுத்த கட்டமான இண்டர்மீடியட். கடைசி வருஷத்திலேயே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக்குப் பின் 8 மாதம் கழித்துத்தான் பரீட்சை என்பதால் மே பரீட்சைக்கு முந்தின செப்டம்பர் 1, செப்டம்பருக்கு ஜனவரி 1, ஜனவரிக்கு மே 1 கடைசி நாள். டிகிரி ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஒரு அட்டெம்ப்ட் போய்விடும். இண்டர்மீடியட் பேப்பர்கள் இரண்டு குரூப்பாக இருக்கும். பேப்பருக்கு 40, குரூப்புக்கு மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இரண்டு குரூப்பும் பாஸானால்தான் 2 வருஷ ஆர்டிகிள்ஷிப்.

"சும்மா இருக்கிற நேரத்தில் ஆடிட்டர் ஆபீசில் டேலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) என்ட்ரி போடு" என்று வீட்டில் சொல்வார்கள். கை பழகும்தான். ஆனால் அதில் ஒரு நாள்கூட ஆர்டிகிள்ஷிப் கணக்கில் சேராது.

ஆபீஸைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் ஆர்டிகிள்களை வெளியே பார்த்துப் பேசுங்கள். பார்ட்டி (கணக்கு கொடுக்கும் வாடிக்கையாளர்) இடத்துக்கு அனுப்புகிறார்களா? ஸ்டாக், அதாவது சரக்கு இருப்பை, எண்ண விடுகிறார்களா? கம்பெனி ஆடிட், பேங்க் கிளை ஆடிட் உண்டா? இரண்டு வருஷமும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும்தான் என்றால் அந்த இடம் வேண்டாம். சேர்ந்தபின் மாறுவது லேசில்லை.

சேலத்தில் கற்றுக்கொள்ள இருப்பது ஸ்டாக். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி 5 கிலோ சுத்த வெள்ளியைப் பட்டறைக்குக் கொடுக்கிறார். 80 டச் (நூற்றில் 80 பங்கு சுத்த வெள்ளி) கொலுசு என்றால் செம்பு சேர்ந்து 6.250 கிலோ வரவேண்டும். வந்தது 6.100 கிலோ. அதில் சுத்த வெள்ளி 4.880 கிலோ, மீதி 120 கிராம் சேதாரம். கொடுத்ததைச் சுத்த எடையிலும் வந்ததை மொத்த எடையிலும் புத்தகத்தில் ஏற்றிவிட்டால், இல்லாத 1.100 கிலோ வெள்ளி கூடுதலாக இருப்பதுபோல் தெரியும். சேதாரம் எவ்வளவு என்பதே மறைந்துபோகும். அதனால் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சீட்டிலும் எடை, டச், சுத்த எடை மூன்றையும் எழுதுங்கள். சேதாரத்தையும் பட்டறைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே மாடலுக்கு ஒரு பட்டறையில் மட்டும் கூடுதலாகப் போனால் அங்கே கேள்வி கேட்கணும். வருஷக் கடைசியில் பட்டறைகளில் இருக்கும் வெள்ளிக்கு அவர்களிடம் கையெழுத்து வாங்காமல் ஃபைலை மூடாதீர்கள். விட்டுப்போவது பெரும்பாலும் அந்தச் சரக்குதான்.

ஏற்காட்டு எஸ்டேட் கணக்கு வேறு மாதிரி. சொந்தக் காப்பியை க்யூரிங் செய்து (பறித்த காப்பியைப் பதப்படுத்தி, தோல் நீக்கி) விற்றால் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு வருமான வரி. வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதத்துக்கு. அதே தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகு முழுக்க விவசாய வருமானம். மிளகு பறித்த கூலியையும் காப்பிச் செலவில் போட்டால் வரி குறைந்துவிடும். மஸ்டர் ரோலில் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) யார் எந்த நாள் என்ன பறித்தார்கள் என்று பார்க்கத் தெரிந்தால்தான் இது பிடிபடும்.

டாக்ஸ் ஆடிட் (வருமான வரிக்கான தணிக்கை) ரிப்போர்ட்டுக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. ஆர்டிகிள்ஷிப்பில் விடுப்போ வருஷத்துக்கு 12 நாள்தான். ஆடித் திருவிழா, ஆவணிக் கல்யாணம் எல்லாம் அந்த வேலை நெருக்கும் நேரத்தில்தான் வரும், வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.