எட்டு நடை முதல் எடைக் குறைப்பு ஊசி வரை: சென்னையிலிருந்து வந்த கேள்விகள்

முன்பெல்லாம் காய்ச்சல், அல்சர், முடி கொட்டுவது என்று டாக்டரான என்னிடம் கேட்டு எழுதுவார்கள். இப்போது வருபவை வாட்ச், பவுடர், ஊசி, ஐஸ் தொட்டி. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கி, சொந்த விவரங்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

பெரம்பூர், 61 வயது: எங்கள் பூங்காவில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். தினமும் 21 நிமிடம் எட்டு போட்டால் சர்க்கரையும் மூட்டுவலியும் போய்விடும் என்று கூட நடப்பவர்கள் சொல்கிறார்கள். வழக்கமான வாக்கிங்கை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா? எனக்குப் பத்து வருடமாக சுகர் இருக்கிறது.

எட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை ஐயா. பலன் தருவது நடைதான். வளைவில் திரும்பும்போது உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். தடுமாறி விழாமல் இருக்க அது நல்ல பயிற்சி, அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தேவையானதும்கூட. ஆனால் அந்தச் சின்ன வளைவுக்குள், முன்னால் ஒருவர் மெதுவாகப் போக, பின்னால் நீங்களும் மெதுவாகத்தான் போக முடியும். சர்க்கரைக்கு வேண்டியது வேகம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச்சுற்றில் அரை மணி நேரம் வீசி நடந்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் எட்டு போடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையை அது நேரடியாகக் குறைக்கும்.

கூழாங்கல் விஷயத்தில்தான் எனக்குப் பயம். பத்து வருட சுகர் என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். போன வருடம் ஒருவர் வந்தார். வீட்டுத் தரையில் ரத்தத் தடம் இருப்பதை அவர் மனைவி பார்த்து, அதன் பின்னாலேயே போய், கடைசியில் இவர் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். முன்பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்? உங்கள் டாக்டரிடம் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு நைலான் இழையை வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். அதுவரை செருப்பைக் கழற்ற வேண்டாம்.

கே.கே. நகர், 58 வயது: மகள் வாங்கித் தந்த வாட்ச் 10,000 அடி கேட்கிறது. ராத்திரி பத்து மணிக்கு 8,600 என்று காட்டும். மீதியை ஹாலிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து முடிக்கிறேன். சரிதானா?

அந்தப் பத்தாயிரம் எந்த ஆராய்ச்சியிலிருந்தும் வந்ததல்ல அம்மா. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று அர்த்தம். அந்தப் பெயர்தான் இன்று உங்கள் கையில் கட்டியிருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் 4,400 அடிக்கே நல்ல பலன் தெரிந்தது. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. 8,600 தாராளம். போய்ப் படுங்கள்.

சோழிங்கநல்லூர், 24 வயது: ஐடி வேலை, 68 கிலோ. ஜிம் சேர்ந்து இரண்டு மாதம். புரோட்டீன் பவுடர் இல்லாமல் மசில் வராது என்று டிரெய்னர் சொல்கிறார். அவரிடமே டப்பா இருக்கிறது. கிட்னி போய்விடும் என்று அம்மா திட்டுகிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. முதலில் கணக்குப் பார்ப்போம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்று நம் நாட்டில் வகுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது சுமார் 56 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை போகலாம், அதாவது 80-லிருந்து 110 கிராம்.

நீங்கள் எழுதியிருந்த சாப்பாட்டைப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார்: பத்து கிராம் வந்தால் அதிகம். மதியம் கேன்டீனில் சாதம், சாம்பார், ஒரு கரண்டி பொரியல், தயிர்: பன்னிரண்டு, பதின்மூன்று. சாயங்காலம் டீயும் சமோசாவும்: நான்கு. ராத்திரி இரண்டு தோசை, சட்னி: ஏழு. கூட்டினால் 35 கிராமைத் தாண்டவில்லை. டிரெய்னருக்கு இருக்கிற கவலையில் நியாயம் இருக்கிறது. மருந்துதான் தப்பு. காலையில் இரண்டு முட்டை சேர்த்தால் 12. சமோசாவுக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல், 12. ராத்திரி ஒரு டம்ளர் பால், 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 7. இங்கேயே 70 கிராம் வந்துவிட்டது. அசைவம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். சமைத்த கோழி 100 கிராமில் 27 கிராம் புரதம். முடிந்தது கணக்கு.

பவுடர் விஷமில்லை. பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம், அவ்வளவுதான். ஷிப்ட் வேலையில் சாப்பிட நேரமில்லாத நாளில் ஒரு கரண்டி கலக்கிக் குடித்தால் தப்பில்லை. ஆனால் டிரெய்னர் கையிலிருந்து பிரித்த டப்பாவை வாங்காதீர்கள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியச் சந்தையில் வாங்கிய 36 பவுடர்களைச் சோதித்ததில் 25-ல் லேபிளில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. கிட்னியைப் பொறுத்தவரை, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக இருக்கிற 24 வயதுப் பையனுக்கு இந்த அளவால் ஆபத்தில்லை. சிறுநீரில் புரதம் போகிறவர்கள், ஏற்கெனவே கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

ஒன்று சொல்லட்டுமா தம்பி? உங்கள் வீட்டில் உண்மையிலேயே புரதம் குறைவாகச் சாப்பிடுகிறவர் அநேகமாக உங்கள் அம்மாதான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் ரசம் சாதமும் அப்பளமும். ஐம்பதைத் தாண்டினால் தசை தானாகவே கரையும். முட்டை வேக வைக்கும்போது இரண்டு சேர்த்துப் போடுங்கள்.

வேளச்சேரி, 34 வயது: உயரம் 158 செ.மீ., எடை 67 கிலோ. தங்கை கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம். ஆபீஸ் தோழி வாரம் ஒரு ஊசி போட்டு 9 கிலோ குறைத்துவிட்டாள். எனக்கும் ஆசை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த வருடம் குழந்தைக்கு யோசிக்கிறோம்.

கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருக்கலாம். கருத்தரிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஊசி கூடாது. இந்த வார ஊசிகளில் ஒன்றான செமாக்ளுடைடு போடுகிறவர்கள் கருத்தரிக்கும் முயற்சிக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இங்கே வந்த இன்னொரு ஊசியான டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் வேலையையே குறைக்கக்கூடியது. தோழியிடம் இதை யாராவது சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது எடை. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், சுமார் 26.8. எடைக்காக இந்த ஊசியைப் பொதுவாக 30-க்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் தருகிறோம். சுகர், பிரஷர் மாதிரி கூட ஏதாவது இருந்தால் 27-க்கு மேல். 105 கிலோ எடையோடு, ராத்திரி குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிற ஒருவருக்கு இது நல்ல மருந்து. அப்படிப்பட்டவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன். அவர்களை 'சோம்பேறித்தனமாக ஊசியில் குறைக்கிறார்கள்' என்று கேலி செய்வதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் கல்யாணப் புடவைக்காகப் போடுகிற மருந்து இல்லை இது. பசியை அடக்கி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி வேலை செய்கிறது. நிறுத்தினால் பசி திரும்பி வரும். செமாக்ளுடைடு ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரே வருடத்தில், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். திரும்பும்போது தசை அவ்வளவு சுலபமாக வராது. குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய வீக்கம் எல்லாம் தனிக் கதை.

தைராய்டு பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மெடுல்லரி என்ற ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால்தான் கூடாது. மூன்று மாதத்தில் சாப்பாட்டாலும் பயிற்சியாலும் மூன்று நான்கு கிலோ குறையும். பிளவுஸை அப்புறம் தைக்கக் கொடுங்கள்.

மயிலாப்பூர், 66 வயது: வாக்கிங் முடிந்ததும் பூங்கா வாசலில் அருகம்புல், வாழைத்தண்டு, சுரைக்காய் என்று தினம் ஒரு ஜூஸ். ரத்தம் சுத்தமாகும் என்கிறார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன்.

ரத்தத்தைச் சுத்தம் செய்ய உங்களிடம் ஏற்கெனவே இரண்டு சிறுநீரகமும் ஒரு கல்லீரலும் இருக்கின்றன. வாரம் ஒரு நாள் ஆசைக்குக் குடித்தால் குடித்துவிட்டுப் போங்கள். நான்கு விஷயம் மட்டும் பாருங்கள். சுரைக்காய் ஜூஸ் கசந்தால் வாயில் இருப்பதையே துப்பிவிட வேண்டும். உடம்புக்கு நல்லதென்று கசப்போடு குடித்து, ரத்த வாந்தி எடுத்து உயிரே போனவர்கள் நம் நாட்டில் உண்டு. டெல்மிசார்டன் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மாத்திரை. கிட்னியும் கொஞ்சம் மந்தமாக இருந்தால், தினசரி வாழைத்தண்டு ஜூஸ் அந்தப் பொட்டாசியத்தை இன்னும் ஏற்றும். பச்சைக் கீரை, இரும்பன் புளி (பிலிம்பி என்ற புளிப்புக் காய்) இதையெல்லாம் டம்ளர் டம்ளராக அரைத்துக் குடித்தால் அவற்றில் இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பு படிந்து கிட்னி அடைபட்டுப் போவதுண்டு.

நான்காவது, அந்தத் தம்ளரைக் கழுவுகிற வாளி. ஒரு நாள் நின்று பாருங்கள். காலை ஆறு மணிக்குப் பிடித்த தண்ணீர், எட்டு மணிக்குள் எத்தனை தம்ளரை முக்கி எடுத்திருக்கும்? டைபாய்டுக்கும் மஞ்சள் காமாலைக்கும் அது போதும்.

அண்ணா நகர், 29 வயது: சுகர் கிடையாது. ஆனாலும் கையில் சுகர் காட்டும் சென்சாரை 14 நாள் ஒட்டிப் பார்த்தேன். வெண்பொங்கல் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 158. அன்றிலிருந்து பொங்கலைத் தொடவே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை. சாப்பிட்டதும் ஏறி, இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே இறங்கினால் உங்கள் கணையம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் நீரை அளக்கிறது. அதனால் சில நிமிடங்கள் பிந்தித்தான் காட்டும், கொஞ்சம் கூடக் குறையவும் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அருமையான கருவி. உங்களுக்கு ஒரு தையல் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அப்போது யோசியுங்கள். கூடவே ஒன்று: ஊசி குத்தாமல் சுகர் காட்டும் என்று விற்கிற வாட்ச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம்.

அம்பத்தூர், 52 வயது: 16 மணி நேரம் பட்டினி இருந்து பார்க்கலாமா? கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன்.

அந்த மாத்திரையோடு வேண்டாம். சுகர் தடாலென்று இறங்கிவிடும். டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றிக்கொண்ட பிறகு பேசுவோம்.

திருவான்மியூர், 31 வயது: ஜிம்மில் ஐஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள். வொர்க்கவுட் முடிந்ததும் இறங்கினால் நல்லதா? ஜனவரி மாரத்தானுக்காக மே மாதமே ஓட ஆரம்பித்திருக்கிறேன்.

எடை தூக்கியதும் ஐஸில் உட்கார்ந்தால், தசை வளர உடம்பு எடுக்கும் முயற்சியையே அது மட்டுப்படுத்திவிடும். காசு கொடுத்து வளர்த்ததைக் காசு கொடுத்தே குறைப்பானேன்? இதய நோய், பிரஷர் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது.

ஆனால் ஐஸ் தொட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ஓட்டத்துக்குத்தான் அது தேவைப்படும். நம் ஊரில் விடிகாலையில் வெயில் இல்லை என்று நம்பி ஓடுகிறோம். காற்றில் ஈரம் மிக அதிகமாக இருப்பதும் அதே நேரம்தான். வியர்வை சொட்டும், உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. முதல் இரண்டு வாரம் தூரத்தையும் வேகத்தையும் பாதியாக்குங்கள், உடம்பு பழகட்டும். தாகத்துக்குக் குடியுங்கள். லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்து ரத்தத்தில் உப்பு குறைந்து விழுகிறவர்களும் உண்டு. கூட ஓடுகிறவர் திடீரென உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால், அது சாதாரணக் களைப்பு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் பைப் தண்ணீரும் ஈரத் துண்டும் விசிறியும்.

மேற்கு மாம்பலம், 64 வயது: வாட்ச் இல்லை, ஜிம் இல்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறேன், மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறேன். எனக்கு இது போதாதா டாக்டர்?

பெரும்பகுதி போதும் அம்மா. குனிந்து உட்கார்ந்து கோலம் போடுகிற இடுப்பைப் பலர் பணம் கட்டித் தேடுகிறார்கள். ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். கையில்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பேரனை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கு 12 வர வேண்டும். வரவில்லையென்றால் அதே நாற்காலியில் காலை பத்து, மாலை பத்து. ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணி, எத்தனை என்று எழுதுங்கள்.