பன்றி சாப்பிடாதவர் மெரிடா சந்தையில் என்ன சாப்பிடலாம்?

மெக்சிகோவின் யுகடான் மாநிலத்து மெரிடாவில் லூகாஸ் தே கால்வேஸ் சந்தைக்குப் போகிறேன், பன்றி சாப்பிட மாட்டேன், பட்டினிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை, தைரியமாகப் போங்கள். கொச்சினீத்தா பிபில் மட்டும் வேண்டாம், அது பன்றிதான். முதலில் பாப்பாட்சூலேஸ் கேளுங்கள்: அவித்த முட்டையைச் தோர்த்தியா என்ற மெல்லிய சோள ரொட்டியில் சுருட்டி, அரைத்த பூசணி விதைக் குழம்பும் தக்காளிச் சாறும் ஊற்றித் தருவார்கள், யுகடான் சாப்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அப்புறம் சோப்பா தே லீமா, கோழியோ வான்கோழியோ போட்ட எலுமிச்சை சூப். பனூச்சோ என்ற பொரித்த தோர்த்தியாவில் மேலே வான்கோழி இருந்தாலும் உள்ளே வைக்கும் கறுப்பு பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, பொரிப்பதும் சில இடங்களில் அதில்தான், அதனால் உட்காரும் முன்பே "தியேனே மாந்தேகா?" (பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?) என்று கேட்டுவிடுங்கள். சாப்பாட்டில் காரம் குறைவு, ஆனால் பக்கத்தில் வைக்கும் ஆபனேரோ என்ற கடுங்கார மிளகாய்ச் சட்னியைத் துளி தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.