குல்மார்க்குக்குப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். வயது 24. சீசனில் டூரிஸ்டுகளை ஜீப்பிலும் நடையிலும் கூட்டிப்போகும் வேலை. மற்ற நாட்களில் அப்பாவோடு தேயிலைத் தோட்டம். காஷ்மீரில், குல்மார்க்கில் ஏழு குளிர்காலம் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்ததாக நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. அஃபர்வாட் மலையிலிருந்து பறந்து இறங்குகிறவர்களின் வீடியோக்கள் எனக்கு மனப்பாடம். வீட்டில் சொன்னால் அம்மா சிரிக்கிறார். "பனியே இல்லாத ஊர்க்காரன், காஷ்மீர்க்காரனுக்குச் சறுக்கச் சொல்லித்தரப் போறியா?" என்கிறார். இருக்கிற பிழைப்பையும் விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்கிறார் மாமா. எங்கே பயிற்சி, எத்தனை நாள், அதை வைத்துப் பிழைக்க முடியுமா? உள்ளதைச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

அம்மா கேட்டது நல்ல கேள்வி. முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குல்மார்க்கில் உங்களிடம் கற்றுக்கொள்ள வரப்போகிறவர்கள் சூரத்காரர்கள், பெங்களூருக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள். பனியை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் மட்டும் பார்த்தவர்கள். அவர்கள் எந்த இடத்தில் மிரளுவார்கள் என்பது பனியிலேயே பிறந்து வளர்ந்தவரைவிட, போன வருஷம் அதே இடத்தில் மிரண்ட ஆளுக்கு நன்றாகத் தெரியும். குடகிலிருந்து போன பவானி, கிராஸ் கன்ட்ரி எனும் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டிருக்கிறார். குடகில் எங்கே பனி? அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர். இரண்டுக்கும் ஒரு தென்னை மர உயரம்கூட வித்தியாசம் இல்லை. முதல் முறை போனபோது எனக்கு மூச்சு வாங்கவே இல்லை, ஊரில் நடப்பது போலத்தான் இருந்தது. ஆனால் நாம் பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறோம், அவர்கள் 34 டிகிரி. டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் இரவுகளில் தலைகுந்தாவில் புல் வெளுக்கிறதே, அது மேலேயிருந்து விழுவதில்லை. தரை சூட்டை விட்டுவிடுகிறது, காற்றிலிருக்கும் ஈரம் புல்லின் மேலேயே உறைகிறது. வெயில் ஏறினால் போச்சு. அங்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து இரவு பகலாகக் கொட்டிவிட்டுப் போகும். இரண்டையும் நாம் 'பனி' என்கிறோம். விடிகாலையில் தலையில் துண்டைக் கட்டச் சொல்லும் அம்மாவுக்கு வெறும் மூடுபனியும் பனிதான். நம் மாவட்டத்தில் அவலாஞ்சி என்று ஒரு ஊரே இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பனிச்சரிவு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மண்சரிவால் வந்தது என்பார்கள். அங்கே கொட்டுவது மழை, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல்.

சரி, பயிற்சி. குல்மார்க்கிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மணாலியில் வாஜ்பாய் பெயரிலுள்ள மலையேற்ற நிறுவனம் சோலாங் பள்ளத்தாக்கில் சொல்லித்தருகிறது. பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ் என்று படி, ஒவ்வொன்றும் பெரும்பாலும் 14 நாள். ஒன்றில் நல்ல கிரேடு வாங்கினால்தான் அடுத்ததற்கு மதிப்பு. மூன்றையும் முடித்தால் உங்களுக்குச் சறுக்கத் தெரியும், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்கத் தெரிய ஒரு மூத்தவரின் பின்னால் ஒரு சீசனாவது நிற்க வேண்டும். கனடாவில் பயிற்றுநர் சங்கம் 1938-லிருந்தே இருக்கிறது. அங்கே நான்கு நிலைகள். முதல் நிலையிலேயே நீங்கள் எப்படிச் சறுக்குகிறீர்கள் என்பதோடு எப்படிச் சொல்லித்தருகிறீர்கள் என்றும் பார்க்கிறார்கள். அதற்குச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது. இங்கிருந்தே தொடங்குங்கள். இந்தி வரவில்லை என்றால் அதை இன்றைக்கே ஆரம்பியுங்கள், எனக்கு அங்கே பனியைவிட அதுதான் வழுக்கியது.

வீடியோவில் காட்டாததைச் சொல்கிறேன். என் பேசிக் கோர்ஸில் முதல் நான்கு நாள், சரிவில் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் கிடையாது. காலில் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்துச் சரிவில் ஏற வேண்டும், பத்து நொடி சறுக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். கால் விரலை வெளியே விரித்து வாத்து மாதிரி ஏறுவது இன்னொன்று. ஐந்தாம் நாள்தான் சரிவுக்குக் குறுக்கே நிற்பது என்றால் என்ன என்று புரிந்தது. கட்டையின் மேட்டுப்பக்க விளிம்பு பனியைக் கடிக்க வேண்டும், உடம்பின் எடை பள்ளத்துப்பக்கக் காலில் இருக்க வேண்டும். இதை நான் குன்னூரிலேயே ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மழை ஈரத்தில் இறங்கும் அக்காக்கள் ஒருபோதும் நேராக இறங்க மாட்டார்கள். பாதத்தைக் குறுக்கே வைத்து, முட்டியை இளக்கி, பக்கவாட்டில்தான் வருவார்கள். நாளைக்குத் தோட்டத்துக்குப் போகும்போது அவர்கள் கால்களை மட்டும் பாருங்கள்.

என் மூன்றாவது சீசனில் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், கூட அறுபதை நெருங்கிய அம்மா. வாடகைக் கோட்டு, புடவையைத் தூக்கிச் செருகி உள்ளே ஸ்வெட்டர் பேன்ட். பிள்ளைகளுக்கு மட்டும்தான் வகுப்பு என்று பேச்சு. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, ஓடறது கெடக்கட்டும். நிறுத்தறது எப்படி, அத மொதல்ல சொல்லு." ஏழு வருஷத்தில் நிறுத்துவதை முதலில் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஆரம்பத்தில் நிறுத்துவதற்கு ஸ்நோ ப்ளவ். கட்டைகளின் முன்நுனி இரண்டும் நெருங்கி இருக்க வேண்டும், ஏறிக்கொள்ளக் கூடாது. குதிகாலை வெளியே தள்ளினால் பின்பக்கம் விரியும். பிள்ளைகளுக்கு பீட்சா துண்டு என்போம். எல்லோரும் தப்பு செய்யும் இடம் ஒன்று உண்டு. வேகம் எடுத்ததும் பயத்தில் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் முன்நுனி இலேசாகி, கட்டை சொன்ன பேச்சைக் கேட்காமல் இன்னும் வேகமாக ஓடும். அதனால்தான் கணுக்காலையும் முட்டியையும் மடக்கி, முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்தும்படி நிற்கச் சொல்வது. "முட்டிய மடக்குங்கம்மா" என்றேன். அவர் இடுப்பை வளைத்து, குடம் தூக்குவது மாதிரி குனிந்தார். நான்கைந்து தடவை சொல்லியும் அதேதான். அப்புறம் தோன்றியது. "அம்மா, மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டி பஸ்ஸுல சீட்டு கெடைக்காம நின்னுட்டு வந்திருக்கீங்களா? கொண்டை ஊசி வளைவுல எப்படி நிப்பீங்க?" உடனே நின்றார். முட்டி இளகியது, தோள் தளர்ந்தது, பார்வை தூரத்துக்குப் போனது. இருபதடி சறுக்கி, தானே நிறுத்தி, திரும்பி மகனைப் பார்த்தார். மகன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

இதுதான் தம்பி வேலை. அஃபர்வாட் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை கோண்டோலா எனும் ரோப் காரில் ஏறினால் கிட்டத்தட்ட 4,000 மீட்டர். மேலே போய் நானும் சறுக்கியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சீசனில் பத்து நாளுக்கு ஒரு முறை கிடைத்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அடிவாரத்தின் குழந்தைச் சரிவில் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு, விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு, பூட்ஸ் கொக்கியைப் பூட்டிக்கொண்டு. மேலே ஓரமாகக் கயிறு கட்டிய இடத்தைத் தாண்டிக் கூட்டிப்போகச் சொல்லி டூரிஸ்டு காசை நீட்டுவார். போகாதீர்கள். 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பனிச்சரிவு அதிகம் நடக்கிறது. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

குளிர் உங்களுக்குப் பெரிய விஷயமாக இருக்காது. நம் ஊர்க் குளிர் ஈரம், அது எலும்புக்குள் போகும். அங்கே இரவில் மைனஸ் பத்துக்குக் கீழே போனாலும் காய்ந்த குளிர். சமாளிக்கலாம். வெயில்தான் ஆள்விழுங்கி. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். முதல் சீசனில் எனக்குத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்கு உள்ளேயும் தோல் உரிந்தது. கீழேயிருந்து அடிக்கும் வெயிலுக்கு க்ரீம் தடவ வேண்டும் என்று ஊட்டிக்காரனுக்கு எப்படித் தெரியும்? டீயைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே உப்புப் போட்ட ரோஸ் கலர் நூன் சாய் தருவார்கள். தேயிலைக்காரர் பிள்ளை நீங்கள், முதல் வாய்க்கு முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு மாதத்தில் கேட்டு வாங்கிக் குடிப்பீர்கள்.

பிழைப்பு. இதில் மாமா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வேலை டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளை அவர்கள் சில்லை கலான் என்பார்கள், பனிக்கு அதுதான் உச்சம். நாள் கணக்குக் கூலி, ஆள் வராத நாளில் காசு இல்லை. பனியும் முன்போல இல்லை. 2025-ல் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. இதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஓடாது.

ஆனால் வேலையை விட வேண்டும் என்று யார் சொன்னது? நம் சீசன் ஏப்ரல், மே. மார்ச் கடைசியில் அங்கே பனி இளகும்போது நீங்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடலாம். ஊட்டியில் சால்வைக் கடை வைத்திருக்கும் காஷ்மீர்க்காரர்களைப் பாருங்கள், எத்தனையோ வருஷமாக நம் சீசனில் பிழைக்கிறார்கள். நீங்கள் அவர்கள் சீசனில் பிழையுங்கள். நான் ஏழு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

நிறுத்தியது முட்டியால். ஒரு வாடகைக் கடையில் அவசரத்துக்கு எடுத்த கட்டையில், பூட்ஸைக் கவ்வும் பைண்டிங்கை என் எடைக்கும் பூட்ஸ் நீளத்துக்கும் சரியாக வைக்கவில்லை. விழுந்தபோது கழன்றிருக்க வேண்டிய கட்டை கழலவில்லை, முட்டிதான் திரும்பியது. கடைக்காரரைச் சொல்லி என்ன, சரிபார்த்திருக்க வேண்டியவன் நான். மாணவர்களுக்கு நூறு முறை சரிபார்த்தவன் எனக்குப் பார்க்கவில்லை.

முதல் கோர்ஸுக்கு எதுவும் வாங்காதீர்கள், எல்லாம் அங்கே கிடைக்கும். சாக்ஸ் மட்டும் நல்லதாக ஒரே ஜோடி. குளிருக்கு இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப் போகும். கடிதத்தில் கால் அளவை எழுதவில்லையே? செருப்பு நம்பர் வேண்டாம், குதிகாலிலிருந்து பெருவிரல் வரை சென்டிமீட்டரில் அளந்து அனுப்புங்கள். என்னிடம் 27-ல் ஒரு ஜோடி பூட்ஸ் பரணில் சும்மா கிடக்கிறது.