முதலில் காற்சட்டை, அப்புறம் செயின்சா

தம்பி, இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது, பின்பக்கம் பெரிய மரம் ஒன்று பட்டுப்போய் நிற்கிறது, எந்தக் கம்பெனி செயின்சா (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்) வாங்கலாம், எத்தனை அங்குலம், நானே சாய்த்து இந்தக் குளிருக்கே எரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது.

கம்பெனி எதுவானாலும் சரி. பக்கத்தில் பழுது பார்ப்பவரிடம் எதற்கு உதிரிபாகம் கிடைக்குமோ அதை வாங்குங்கள். வீட்டு விறகுக்கு 14, 16 அங்குலத் தகடு, அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு, தாராளம். பெட்ரோலா பேட்டரியா என்பது உங்கள் வசதி. ஆனால் அந்தப் பட்ட மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். உயிருள்ள மரத்தைச் சாய்க்கும்போது, அடிமரத்தில் வெட்டாமல் விடுகிற மெல்லிய மரப்பகுதிதான் கதவுக் கீல் மாதிரி பிடித்துக்கொண்டு, விழும் திசையைக் காட்டும். பட்ட மரத்தில் அந்தக் கீல் பாதியில் முறிந்துவிடும். அதிர்வில் மேலே இருக்கும் காய்ந்த கிளை தலையில் வந்து விழும். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சாய்த்துக்கொண்டு, துண்டு போடுவதை நீங்கள் செய்யுங்கள்.

அந்தத் துண்டு போடும் வேலையில்தான் நான் முதல் வருடமே மயிரிழையில் உயிர் பிழைத்தேன். இரவல் செயின்சா, ஜீன்ஸ், துணிச் செருப்பு, வெறும் தலை. தரையில் கிடந்த கிளை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் இன்னொரு கிளை இருந்ததைக் கவனிக்கவில்லை. தகட்டின் நுனி அதில் பட்ட மாத்திரத்தில் செயின்சா முகத்தை நோக்கி எகிறியது. முன்னால் இருக்கும் காப்பில் இடது மணிக்கட்டு இடித்து பிரேக் விழுந்ததால் சங்கிலி நின்றது. நின்ற இடம் தோளுக்கு ஒரு சாண் தூரம். நுனியின் மேல் கால்பகுதி எதிலும் படவே கூடாது. அங்கே சங்கிலிப் பல் மரத்தை அறுக்க முடியாமல் மாட்டிக்கொள்ள, ஓடுகிற வேகம் மொத்தமும் தகட்டை மேலே தூக்கி நம் பக்கம் எறிகிறது. நாம் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் இடது கட்டைவிரல் எப்போதும் கைப்பிடியைச் சுற்றிக் கீழே இருக்கட்டும். தகட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள்.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. செயின்சா என்றால் இருப்பதிலேயே பெரியதை வாங்குவார்கள், பாதுகாப்புக் காற்சட்டை என்றால் 'அதெல்லாம் எதற்கு' என்பார்கள். இரண்டு வருடம் கழித்து, அந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளை கழிக்கும்போது சங்கிலி என் தொடையில் பட்டது. மேல்துணி கிழிந்ததும் உள்ளிருந்து வெள்ளை நார் கொத்துக் கொத்தாக வந்து பல்சக்கரத்தில் சுற்றி மோட்டாரை நிறுத்திவிட்டது. காலில் ஒரு கீறல் இல்லை. ஒரு முறை வெட்டுப்பட்டால் அந்தக் காற்சட்டை அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும். வாங்கினேன், சந்தோஷமாக. காது மூடியும் முகவலையும் உள்ள தலைக்கவசம், நல்ல பூட்ஸ் இவையும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பெட்ரோல் செயின்சா வாங்கினால் எண்ணெய்க் கலவை பெரும்பாலும் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் இருப்பதே கணக்கு. சங்கிலிக்கான எண்ணெய் தனி. அறுக்கும்போது செதில் செதிலாகச் சீவல் விழ வேண்டும். மாவாகத் தூள் விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது, உடனே நிறுத்தி உருட்டு அரத்தால் தீட்டுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு, இல்லையென்றால் வெட்டு ஒரு பக்கமாக வளையும். இன்று எனக்கு இது கைவந்துவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே தங்கள் சங்கிலியை என்னிடம் கொடுத்துத் தீட்டிக்கொண்டு போகிறார்கள்.

இந்தக் குளிருக்கே எரிக்கலாமா என்றால், பட்ட மரம் என்பதால் காய்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள். மேல்பகுதி காய்ந்திருந்தாலும் அடிமரத்தில் ஈரம் நிற்கும். கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு போகிறது. அறைக்கு வர வேண்டிய சூடு அது. போதாததற்கு, குளிர்ந்த புகை புகைபோக்கிக்குள் தாராகப் படிந்து ஒருநாள் உள்ளேயே தீப்பிடிக்கும். பிர்ச் மரத்தைப் பிளந்து அடுக்கினால் காய ஒரு கோடை போதும், ஓக் மரத்துக்கு இரண்டு வருடம். அடுக்கு தரையைத் தொடக் கூடாது. மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் தார்ப்பாயால் சுற்றினால் உள்ளே பூஞ்சைதான் வளரும்.

என் முதல் குளிருக்கு ஒருவர் 'நன்றாகக் காய்ந்தது' என்று சொல்லி ஒரு லோடு விறகு விற்றார். அடுப்பில் வைத்தால் உஸ்ஸென்று சத்தம், வெட்டுமுனையில் நுரை பொங்கி வழியும், கண்ணாடி ஒரே இரவில் கறுத்துப் போகும். எனக்குத்தான் நெருப்பு மூட்டத் தெரியவில்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். அப்போது எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தை நாலுகூட இல்லை. என் விறகில் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார், 'டொப்' என்றது. தன் கொட்டகையிலிருந்து இரண்டு கொண்டுவந்து தட்டினார், 'டங்' என்று மணி மாதிரி கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். மறுபடி தட்டினார். அன்று சாயங்காலம் மூன்று தள்ளுவண்டி விறகு என் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். கோடாலி பிடிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பெரிய கட்டையை நடுவில் அடிக்காதே, ஓரத்திலிருந்து சிறாய் சிறாயாகப் பெயர்த்துக்கொண்டு வா, ஈரக்கட்டையை உறைபனி நாளில் பிள, சுலபமாக விட்டுக்கொடுக்கும் என்பார். அடுத்த வசந்தத்தில் அவர் விறகு முழுவதையும் நான்தான் அடுக்கினேன். இரண்டு இடத்தில் பிரித்து மறுபடி அடுக்க வைத்தார்.