குதிரை வாங்கும் முன் வியாபாரியைப் பற்றி யாரிடம், எப்படி விசாரிப்பது?

முதன்முறையாக மார்வாரி இனக் குதிரை ஒன்றை வாங்கவிருப்பதாகவும், விற்பவர் நாணயமானவரா என்பதை எப்படி அறிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு முறை தவறாக விசாரித்து ஏமாந்தவன் என்பதால், அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஆனால் நான் ஏமாந்தது சந்தையில் அன்று. ஒரு வியாபாரியின் லாயத்துக்கே போய், நிதானமாகப் பார்த்து வாங்கிய பெட்டைக் குதிரையில்தான். அவர் கொடுத்த மூன்று தொலைபேசி எண்களுக்கும் பேசினேன். மூவரும் அவரை வாயாரப் புகழ்ந்தார்கள். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலையில், அந்தக் குதிரை இடது முன்னங்காலைச் சற்றே முன்னால் நீட்டி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி நின்றுகொண்டிருந்தது. மூட்டில் பழைய வீக்கம் இருப்பதாகவும், வலிமருந்து கொடுத்து நடக்கவைத்திருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். என்னிடம் புகழ்ந்து பேசிய மூவரில் இருவர் அவருடைய தரகர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, வியாபாரி தரும் எண்களை மட்டும் நம்பாதீர்கள். அவரிடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர் யார் என்று நீங்களாகவே தேடிக் கண்டுபிடியுங்கள். போன வாரம் வாங்கியவருக்கு மகிழ்ச்சி மட்டுமே இருக்கும்; இரண்டு மழைக்காலம் வைத்துப் பராமரித்தவருக்குத்தான் குதிரையின் குறையும், குறையைச் சொன்னபோது வியாபாரி நடந்துகொண்ட விதமும் தெரியும். அந்தக் குதிரை இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டு, முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

என் அனுபவத்தில், மிக உண்மையான தகவல் லாடம் அடிப்பவரிடம்தான் கிடைக்கும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு முறை அவர் ஒவ்வொரு குதிரையின் காலையும் மடியில் வைத்துப் பார்க்கிறார். எந்தக் குதிரை எந்தக் காலைத் தூக்கவிட மறுக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. தொழில் நிமித்தம் அவர் யாரையும் குறை சொல்லமாட்டார் என்பதால், "இவர் நல்லவரா?" என்று கேட்பதைவிட, "உங்கள் தம்பிக்கு இவரிடம் குதிரை வாங்கிக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அவர் உடனே ஆமாம் என்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்பதைக் கவனித்தால் போதும்.

வியாபாரியின் சொல்லைக் குதிரையின் வாயிலேயே சோதித்தும் பார்க்கலாம். முதலில் அவர் வாயால் வயதைச் சொல்லவைத்து, பிறகு பல்லைப் பாருங்கள். கடைசி முன்பற்கள் நிலைப்பற்களாக மாறுவது சுமார் நாலரை வயதில். மேல்தாடையின் ஓர முன்பல்லில் ஒரு நீளப் பள்ளம் தோன்றுவது சுமார் பத்து வயதில். அது பல்லின் பாதி வரை இறங்குவது சுமார் பதினைந்தில். ஏழு வயது என்று அவர் சொன்ன குதிரைக்கு அந்தப் பள்ளம் பாதி வரை இறங்கியிருந்தால், அவருடைய மற்றப் பேச்சையும் நம்ப முடியாது. இதற்கு மாறாக, "லாரி ஹாரன் அடித்தால் மிரளும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தானாகவே ஒரு குறையைச் சொல்பவரை நான் நம்புவேன். குதிரையின் உடலில் உள்ள மயிர்ச்சுழியைப் பற்றியே நெடுநேரம் பேசுகிறவரிடம் எனக்கு எச்சரிக்கை உண்டு. சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை, ஆனால் அந்தப் பேச்சில் நம் கண் குதிரையின் காலை விட்டு விலகிவிடுகிறது.

முன்கூட்டிச் சொல்லாமல், அதிகாலையில் குதிரையை வெளியே கொண்டுவருவதற்கு முன்பே ஒரு நாள் போய் நில்லுங்கள். முழங்காலுக்குக் கீழே கையை வைத்து, இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள்; ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே வீக்கம் இருக்கலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் மருத்துவர் ரத்த மாதிரி எடுக்கச் சம்மதமா என்று கேளுங்கள். வலிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனைக்கும் அது வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இல்லை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை நடைபெறுகிறது. முடிவு வரும்வரை குதிரையை வேறு யாருக்கும் விற்காமல் காத்திருக்க ஒப்புக்கொண்டு, அதை எழுதியும் கொடுத்த ஒருவரிடம்தான் என் இரண்டாவது குதிரையை வாங்கினேன்.