உச்சரிப்புக்குச் செயலி போடும் மார்க்கை நம்பலாமா?

கேள்வி: கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகள் ஒரு செயலியில் ஆங்கிலம் பேசிப் பழகுகிறாள். உச்சரிப்புக்கு 100க்கு 60ஐத் தாண்டுவதே இல்லை. அதே வாக்கியத்தைப் போனில் சொல்லி எழுத வைத்தால் ஓர் எழுத்துகூடப் பிசகுவதில்லை. எதை நம்புவது? இப்போது வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறாள்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டையுமே முழுசாக நம்ப வேண்டாம். அவை செய்கிற வேலையே வேறு.

போன் எழுதுகிறதே, அதற்கு உங்கள் மகள் என்ன சொல்ல வந்தாள் என்று கண்டுபிடித்தால் போதும். உதாரணத்துக்கு, பேச்சை எழுத்தாக்க 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற ஏஐ மாடல் 6,80,000 மணி நேரப் பேச்சில் பயின்றது, முன்பின் சொற்களை வைத்து ஊகிக்கவும் அதற்குத் தெரியும். 'எ கப் ஆஃப்' என்று ஆரம்பித்து 'காப்பி' என்று நம் ஊர் வழக்கப்படி முடித்தாலும் பெரும்பாலும் 'காஃபி' என்றே எழுதிவிடும். அதனால் எழுத்து சரியாக வந்தது என்பதற்காக உச்சரிப்பும் சரி என்று ஆகிவிடாது.

மார்க் போடும் செயலிக்கு வாக்கியம் முன்பே தெரியும். பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்து, 'ஃப' வர வேண்டிய இடத்தில் வந்தது 'ஃப'தானா, வேறு ஏதாவதா என்று கணக்குப் போடுகிறது. 2000ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சில்கே விட், ஸ்டீவ் யங் இருவரும் இந்த வழியை விளக்கி எழுதிவிட்டார்கள். ஆனால் அது யார் யார் பேசியதைக் கேட்டுப் பழகியது? இந்தத் துறை ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாளும் ஸ்பீச்ஓஷன்762 என்ற பேச்சுப் பதிவுத் தொகுப்பில் பேசியிருக்கும் 250 பேருக்கும் தாய்மொழி மாண்டரின் சீனம். எல்2-ஆர்க்டிக் என்ற இன்னொன்றில் 24 பேர். இந்திக்காரர்கள் உண்டு, தமிழர் இல்லை. உங்கள் மகளின் செயலி எதில் பயின்றது என்பதை அந்த நிறுவனம்தான் சொல்ல வேண்டும். தமிழ்ச் சாயலை (ஆக்சென்ட்) போதுமான அளவு கேட்டிராத மாடல் என்றால், நன்றாகப் புரிகிற பேச்சுக்கும் மார்க்கைக் குறைக்கலாம்.

சாயல் வேறு, புரிவது வேறு. கனடாவில் மன்ரோ, டெர்விங் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்விலேயே இது தெளிவாகிவிட்டது: அயல் சாயல் பலமாக இருந்தும் ஒரு சொல் விடாமல் புரிந்த பேச்சுகள் அதில் உண்டு. உங்கள் மகளைக் கூச்சப்பட வைக்கிற அந்த 60 இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

சரி, என்ன செய்யலாம்? மொத்த மார்க்கை மறைக்க வசதி இருந்தால் மறைத்துவிடுங்கள். எந்த ஒலி திரும்பத் திரும்பச் சிவப்பில் வருகிறது என்று மட்டும் அவள் பார்க்கட்டும், ஒரே நாளில் வந்து போனதை விட்டுவிடலாம். 'ஃபேன்', 'பேன்' போன்ற ஜோடிகளைப் போனில் தனித்தனியாகச் சொல்லி எழுத வைக்கலாம், பக்கத்தில் வேறு சொல் இல்லாததால் அதற்கு அவ்வளவாக ஊகிக்க வராது. மின்விசிறிச் சத்தத்துக்கே மார்க் குறையலாம், அதை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், வாரம் ஒரு முறையாவது தோழி யாரிடமாவது போனில் நாலு புது வாக்கியங்களை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். அந்தத் தோழி திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொண்டால், செயலி 60 போட்டாலும் உங்கள் மகள் தைரியமாகப் பேசலாம்.